எதை வாங்குவது?

அரசர்களின் பிறப்பும் இறப்பும், போர்களின் வெற்றியும் தோல்வியுமே வரலாறு என்று நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். அடுப்பங்கரையில் கிடக்கும் அம்மிக்கும் முற்றத்தில் நிற்கும் உரலுக்கும் வரலாறு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள நமக்குச் சற்றுக் காலம் பிடித்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அம்மியைக் காட்டிலும் மிக இளையது. ஆயினும், அதன் வரலாறு நம்முள் ஒவ்வொருவர் கையையும் தொடுவது. அப்பொருள் கைப்பேசி. அதிலும், செல்வர் வாங்கும் உயர்ந்த விலைக் கைப்பேசியன்று. மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அன்று. நடுத்தரக் குடும்பத்தார் பலமுறை எண்ணிப் பார்த்து வாங்கும் இடைநிலைக் கைப்பேசியைப் பற்றியே பேசப் போகின்றேன். அத்தகைய இரண்டு கருவிகளை ஒப்பிட்டு, எதை வாங்குவது என்று நான் முடிவு செய்ய முற்பட்ட வரலாற்றையும், அம்முடிவைக் காலம் பின்னர் சோதித்த வகையினையும் கூறுவதே என் நோக்கம்.

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கொள்ளை நோயின் காரணமாக அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மூடிய கல்லூரிகள் திறக்கப்படாமல் இருந்தன. வகுப்பறை கைப்பேசியின் திரைக்குள் சுருங்கிவிட்டது. கைப்பேசி இல்லாத மாணவன் வகுப்பு இல்லாத மாணவன் ஆனான். என் தங்கையின் மகன் அப்போதுதான் பட்டப்படிப்பின் முதலாண்டில் சேர்ந்திருந்தான். அவன் தாய் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் முப்பதாயிரம் ரூபாய். அதற்குமேல் ஒரு காசும் செலவிட வழியில்லை. அவன் இரண்டு கருவிகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். "மாமா, இவ்விரண்டில் எது நல்லது?" என்று கேட்டான். ஒன்று ஒன்பிளஸ் நிறுவனத்தாரின் நார்டு. மற்றொன்று கூகுள் நிறுவனத்தாரின் பிக்சல் 4ஏ.

அவன் கேள்விக்கு விடை கூறுவதற்கு முன், இத்தகைய கேள்வி எழுவதற்கே எத்தனை மாறுதல்கள் நிகழ வேண்டியிருந்தன என்பதைச் சிறிது பார்ப்போம்.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மோட்டரோலா நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியலார், நியூயார்க்கு நகரத் தெருவில் நின்றபடி, கையில் ஏந்திய கருவி ஒன்றினால் போட்டி நிறுவனத்தைச் சேர்ந்த பொறியியலாரோடு பேசினார். கையடக்கத் தொலைபேசியின் முதல் அழைப்பு அதுவே. அக்கருவி விற்பனைப் பொருளாக மாறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. 1984இல் கடைக்கு வந்தபோது அதன் விலை 3,995 டாலர். எடை ஏறக்குறைய 800 கிராம். பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். அக்காலத்தில், "எந்தக் கைப்பேசி நல்லது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "கைப்பேசி வாங்க முடியுமா?" என்பதே கேள்வியாக இருந்தது.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். அதன் பின்னரும் பல்லாண்டுகள் அது செல்வத்தின் அடையாளமாகவே விளங்கிற்று. நாம் பிறரை அழைப்பதற்கு மட்டுமன்றி, பிறர் நம்மை அழைப்பதற்கும் நாமே பணம் செலுத்தும் முறை 2003ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நீங்கியது.

2007ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோன் வெளிவந்தது. விரலால் தொட்டு இயக்கும் கண்ணாடித் திரையே கைப்பேசியின் முகம் ஆயிற்று. அடுத்த ஆண்டு, 2008இல், ஆண்டிராய்டு என்னும் இயங்குதளத்தைக் கொண்ட முதற் கருவி கடைக்கு வந்தது. வரலாற்று மாணவர்கள் கருத்தூன்றிக் காண வேண்டிய இடம் இது. இயங்குதளம் என்பது கருவியின் உறுப்புகளை எல்லாம் ஆட்டுவிக்கும் மென்பொருள். ஆண்டிராய்டு எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளத் தக்க பொதுப் பொருளாக வழங்கப்பட்டது. குவால்காம் முதலிய நிறுவனங்கள் கணிக்கும் சில்லுகளைச் செய்து யாவருக்கும் விற்றன. திரை ஓரிடத்தில், காமிராவின் உணரி வேறோரிடத்தில், மின்கலம் மற்றோரிடத்தில் என்று உறுப்புகள் எல்லாம் சந்தையில் கிடைத்தன. உறுப்புகள் பொதுவானதும் கருவிகள் ஒன்றையொன்று ஒத்தன; அவை ஒத்ததும் விலை குறைந்தது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மோட்டோ ஜி என்னும் கருவி 12,499 ரூபாய்க்கும், அதே ஆண்டு சூலையில் சியோமி நிறுவனத்தாரின் மி 3 என்னும் கருவி 13,999 ரூபாய்க்கும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. விலையில் அவற்றைவிடப் பன்மடங்கு உயர்ந்த கருவிகளின் வேலைகளுள் பெரும்பாலானவற்றை அவையும் செய்தன.

இங்கேதான் ஒப்பிடும் பட்டியல் பிறந்தது. பொருள்கள் வேறுபட்டு நிற்கும்போது பட்டியல் தேவையில்லை. மாட்டு வண்டியையும் மோட்டார் வண்டியையும் ஒப்பிட எவரும் எண்களைத் தேடுவதில்லை. பொருள்கள் ஒத்திருக்கும்போதே எண்களின் துணை தேவைப்படுகின்றது. என் மருமகன் கையில் இருந்த தாளும் அத்தகைய பட்டியலே. வானொலியில் அதனைக் காட்ட இயலாது. ஆதலின் சொல்லால் சொல்லுகின்றேன்.

நார்டு 2020ஆம் ஆண்டு சூலையிலும், பிக்சல் 4ஏ ஆகஸ்டிலும் அறிவிக்கப்பட்டவை. பிக்சல் நம் நாட்டிற்கு அக்டோபரில் வந்தது. 128 ஜிபி சேமிப்பிடம் கொண்ட நார்டின் விலை 27,999 ரூபாய். அதே அளவு சேமிப்பிடம் கொண்ட பிக்சலின் அறிமுக விலை 29,999 ரூபாய். வழக்கமான விலை 31,999. நார்டின் திரை 6.44 அங்குலம், பிக்சலின் திரை 5.81 அங்குலம். நார்டின் திரை நொடிக்கு 90 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; பிக்சலின் திரை 60 முறை. மின்கலம் நார்டில் 4,115 மில்லி ஆம்பியர் மணி, பிக்சலில் 3,140. நார்டின் பின்புறம் நான்கு காமிராக்கள், அவற்றுள் முதன்மையானது 48 மெகாபிக்சல். பிக்சலின் பின்புறம் ஒன்றே ஒன்று, அதுவும் 12.2 மெகாபிக்சல். நார்டு 5ஜி அலைகளை ஏற்கும். பிக்சல் 4ஜியோடு நின்றுவிடும். பிக்சலுக்கு உரிய சிறப்புகளும் சில இருந்தன. அதன் எடை 143 கிராம். நார்டு 184 கிராம். பழைய காதணிக் கருவியைச் செருகும் துளை பிக்சலில் இருந்தது; நார்டில் இல்லை.

இப்பட்டியலை மேலோட்டமாக நோக்குவோர், நார்டு எல்லா வகையிலும் வென்றது என்றே கூறுவர். என் மருமகனும் அவ்வாறே கூறினான். ஆனால், எண் வேறு. எண் குறிக்கும் பயன் வேறு. காமிராவையே எடுத்துக்கொள்வோம். 48 என்பது 12.2ஐப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால் நார்டு எடுக்கும் படம் நான்கு மடங்கு நல்லது ஆகுமா? ஆகாது. நார்டின் உணரியில் உள்ள ஒளிப்புள்ளிகள் மிகச் சிறியவை. ஒளி குறைந்த இடத்தில் சிறு புள்ளி போதிய ஒளியைப் பெறாது. ஆதலின், அடுத்தடுத்துள்ள நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாகக் கொண்டு, 12 மெகாபிக்சல் படத்தையே அக்கருவி வழக்கமாகத் தருகின்றது. பிக்சலோ, தன் ஒரே காமிராவினால் நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து, அவற்றை மென்பொருளால் ஒன்றாக்கி, இருளில் உள்ளதையும் வெளிச்சத்தில் உள்ளதையும் தெளிவாகக் காட்டுகின்றது. பட்டியலில் நான்கு மடங்காகத் தோன்றிய வேறுபாடு, படத்தில் அவ்வாறு தோன்றுவதில்லை. புகைப்படத்தில் பிக்சலையே சிறந்ததாகக் கொண்டோர் பலர்.

மின்கலமும் அத்தகையதே. நார்டின் மின்கலம் பெரிது. ஆனால், அது ஒளியூட்ட வேண்டிய திரையும் பெரிது; அத்திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் தடவைகளும் மிகுதி. பெரிய குடும்பத்தின் பெரிய பானையைப் போன்றது அது. பானையின் அளவை மட்டும் பார்த்து, யார் வீட்டில் சோறு மிஞ்சும் என்று சொல்லிவிட முடியாது.

இவற்றை எல்லாம் ஆராய்ந்த பின்னர், நாங்கள் நார்டையே வாங்கினோம். காரணங்கள் மூன்று. நாள் முழுவதும் ஆசிரியரின் எழுத்தைத் திரையில் படிக்க வேண்டிய மாணவனுக்குப் பெரிய திரை வேண்டும் என்பது ஒன்று. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் நான் வற்புறுத்தியது. "5ஜி வரப்போகின்றது, நாளைக்குத் தேவைப்படுவதை இன்றே வாங்கிக்கொள்" என்றேன். அப்போது அது முன்னறிவாகவே எனக்குத் தோன்றிற்று.

இப்போது காலம் கூறிய தீர்ப்பைக் கேளுங்கள்.

பெரிய திரையைப் பற்றி நான் கூறியது தவறவில்லை. மிச்சமான பணம் மிச்சமே. ஆனால், 5ஜி நம் நாட்டில் தொடங்கப்பெற்றது 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள். அதுவும் சில நகரங்களில் மட்டுமே முதலில் வந்தது. ஆகவே, நான் பெருமையோடு வற்புறுத்திய அந்தத் திறன், ஈராண்டுகள் எந்த வேலையும் இன்றிக் கருவிக்குள் உறங்கியது. வராத அலைக்காக முன்கூட்டியே விலை கொடுப்பது முன்னறிவு ஆகாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இதனினும் பெரிய பாடம் ஒன்று காத்திருந்தது. நாங்கள் பார்த்த பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நார்டுக்கு இயங்குதளத்தின் புதிய பதிப்புகள் ஈராண்டுகளும், பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்றாண்டுகளும் வழங்கப்படும் என்பது அவ்வரி. பிக்சல் 4ஏ கருவிக்குப் புதிய பதிப்புகளும் திருத்தங்களும் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை உண்டு என்பது உறுதி. அவ்வரியை நாங்கள் படித்தோம். ஆனால் அதனை எடைபோடவில்லை. பாதுகாப்புத் திருத்தம் என்பது யாது? எந்த மென்பொருளிலும் செய்தவர் அறியாத ஓட்டைகள் சில இருக்கும். அவை வெளிப்படும்போது செய்தவரே அவற்றை அடைத்து, அத்திருத்தத்தைக் கருவிகளுக்கு அனுப்புவர். அனுப்புவதை நிறுத்திவிட்டால், பின்னர் வெளிப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். கைப்பேசி பேசுவதற்கு மட்டும் பயன்பட்ட நாளில் இதனால் பெருந்தீங்கு இல்லை. 2016ஆம் ஆண்டு யுபிஐ முறை தோன்றிய பின்னர், வங்கிக் கணக்கின் திறவுகோலே கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

2023ஆம் ஆண்டின் நடுவில் என் மருமகன் பட்டம் பெற்றான். அவனுடைய மூன்றாண்டுப் படிப்பும், அக்கருவிக்கு உறுதி கூறப்பட்ட மூன்றாண்டுக் காவலும் ஒரே கோடையில் நிறைவுற்றன. அவ்வாண்டே அவனுடைய தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். என் தங்கை அக்கருவியைத் துடைத்து என் கையில் கொடுத்து, "அண்ணா, இது நன்றாகத்தானே இருக்கின்றது? இதையே அவளுக்குக் கொடுத்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டாள்.

அக்கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. நம் வீடுகளில் பொருள்கள் கைம்மாறி வருவது வழக்கம். அண்ணனின் மிதிவண்டியைத் தம்பி ஓட்டுவான். அக்காளின் அகராதியைத் தங்கை புரட்டுவாள். பொருள் உடையாமல் இருக்கும்வரை அது பொருளே. இக்கருவியும் உடையவில்லை. திரையில் கீறல் இல்லை. காமிரா முன்போலவே படம் பிடித்தது. ஆயினும், "தாராளமாகக் கொடு" என்று சொல்ல என் நா எழவில்லை. "பாடம் கேட்கவும் படிக்கவும் கொடு, வங்கிக் கணக்கை இதில் வைக்க வேண்டாம்" என்று சொன்னேன். உடையாத பொருளை அரைப் பொருளாக்கிக் கொடுக்க நேர்ந்ததை எண்ணி அன்று வருந்தினேன். என் தங்கையின் முகத்தில் தோன்றிய வியப்பை நான் இன்னும் மறக்கவில்லை. சீட்டுப் பணம் கட்டி முடித்தவளுக்கு, பொருள் மூன்றாண்டில் பாதியாகிவிட்டது என்பது எங்ஙனம் விளங்கும்?

அப்படியாயின், பிக்சலை வாங்கியிருக்க வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். அதன் வரலாற்றையும் கூறிவிடுகின்றேன். அதற்கு உறுதி கூறப்பட்ட காலமும் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது. 2025ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அக்கருவிகளுக்குக் கூகுள் நிறுவனம் மென்பொருள் மாற்றம் ஒன்றை அனுப்பியது. மின்கலம் அளவுக்கு மீறிச் சூடேறும் இடரைக் குறைப்பது அதன் நோக்கம். அதன் விளைவாக, அக்கருவிகளுள் ஒரு பகுதியில் மின்கலத்தின் கொள்ளளவும் மின்னேறும் வேகமும் குறைக்கப்பட்டன. அத்தகைய கருவியை உடையோருக்கு இலவசமாக மின்கலத்தை மாற்றித் தரவோ, ஈடாகத் தொகை வழங்கவோ அந்நிறுவனம் முன்வந்தது. இடரைத் தவிர்த்தது நன்றே. ஆயினும், முதல் நாள் மாலை வரை உழைத்த கருவி, மறுநாள் நண்பகலிலேயே சோர்ந்துவிடக் கண்டோர் திகைத்தனர். 2020ஆம் ஆண்டின் பட்டியலில் 3,140 என்று அச்சிட்டிருந்த அந்த எண், விற்ற பின்னரும் மாறக்கூடிய எண் என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, இவ்விரு கருவிகளின் கதையில் எந்தக் கருவி வென்றது என்பது பெரிதன்று. பட்டியல் யாதோ ஒன்றை மறந்திருந்தது என்பதே பெரிது. பட்டியல் கருவியை விற்பனை நாளில் நிறுத்தி வைத்து அளக்கின்றது. நாமோ அதனோடு பல்லாண்டுகள் வாழ்கின்றோம். அம்மி செய்தவன் விற்றவுடன் விலகிப்போனான். அதன்பின் அம்மி நம்முடையது. கைப்பேசியைச் செய்தவர் விற்ற பின்னும் விலகுவதில்லை. அவர் அனுப்பும் திருத்தத்தால் அது வாழ்கின்றது. அவர் அனுப்பும் மாற்றத்தால் அது குறைகின்றது. அவர் நிறுத்தினால் அது தளர்கின்றது. ஆதலின், கைப்பேசியை வாங்குவது பொருளை வாங்குவது மட்டுமன்று. ஒருவருடைய வாக்கையும் வாங்குவதாகும். வாக்கை வாங்குவோன், அது எத்துணைக் காலத்திற்கு உரியது என்று கேட்க வேண்டாவா?

இவ்வுண்மையை உலகம் மெல்ல உணர்ந்து வருகின்றது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த பிக்சல் 8 கருவிக்கு ஏழாண்டுகள் திருத்தங்கள் வழங்குவதாகக் கூகுள் நிறுவனம் உறுதி கூறிற்று. பிற நிறுவனங்களுள் சிலவும் தத்தம் காலவரையறையை நீட்டின. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வாக்கைச் சட்டம் ஆக்கியது. 2025ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைப்பேசி, 800 முறை மின்னேற்றிய பின்னரும் தன் மின்கலத்தின் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டையேனும் தாங்க வேண்டும். ஒரு வகைக் கருவியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் இயங்குதளத் திருத்தங்கள் கிடைக்க வேண்டும். ஏழாண்டுகள் மாற்று உறுப்புகள் கிடைக்க வேண்டும். பட்டியலின் கடைசி வரியாக இருந்தது, அங்கே சட்டத்தின் முதல் வரிகளுள் ஒன்றாகிவிட்டது.

இனி, உங்களுள் யாரேனும் இரண்டு கைப்பேசிகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு நின்றால், என் அனுபவத்திலிருந்து நான் கூறக்கூடியன இவையே. எனக்கு இன்று வேண்டிய வேலை யாது என்று முதலில் கேளுங்கள். நாளை வரப்போவதாகக் கூறப்படுவதற்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். எந்த எண்ணைக் கண்டாலும், இது எனக்கு என்ன செய்யும் என்று கேளுங்கள். 48 என்பது எப்போதும் 12ஐ வெல்வதில்லை. அதன் பின்னர், எந்த ஆண்டு எந்த மாதம் வரை இதற்குத் திருத்தம் வரும், மின்கலம் தளர்ந்தால் எங்கே என்ன விலைக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். மூன்றாண்டு வாழும் 28,000 ரூபாய்க் கருவியைவிட, ஆறாண்டு வாழும் 32,000 ரூபாய்க் கருவியே மலிவானது என்பதை அந்த எளிய கணக்கு காட்டிவிடும்.

சென்ற ஆண்டு என் மருமகள், தன் சம்பாத்தியத்தில் புதிய கைப்பேசி வாங்க எண்ணி என்னிடம் வந்தாள். அவளும் இரண்டு பெயர்களை எழுதி வைத்திருந்தாள். திரையின் அளவும் காமிராவின் எண்ணும் தாளின் கீழே இருந்தன. முதல் வரியில் இரண்டு ஆண்டுகள் மட்டும் எழுதப்பட்டிருந்தன: ஒவ்வொரு கருவிக்கும் திருத்தம் நிற்கும் ஆண்டு. "மாமா, இவ்விரண்டில் எது நல்லது?" என்று அவள் கேட்கவில்லை. "இதை அம்மாவுக்குப் பிறகு கொடுக்கலாம் அல்லவா?" என்றே கேட்டாள். அந்தக் கேள்விக்கு, "தாராளமாகக் கொடு" என்று இம்முறை என்னால் சொல்ல முடிந்தது.